காதுக்காரர் வீட்டுக் கார்

"டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி. காதுக்காரர் சாவியை மறுபடி திருப்பினார். மறுபடியும் "டிக்".

"என்னங்க, இன்னைக்கும் கிளம்பலையா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"உஷ். பேசாம இரு. சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். தொழில் அப்படி. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, மெல்லிய சத்தங்களை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, கேட்காதவர்களுக்குக் கருவி மாட்டிவிடுவது அவர் வேலை. அதனால்தான் தெருவில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். தன் காதுக்குத் தப்பும் சத்தமே உலகத்தில் கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"பஸ் போயிடும், வாங்க" என்று மனைவி இறங்கிவிட்டாள். பானெட்டைத் திறந்து பார்க்கக்கூட விடவில்லை. பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. பிள்ளைகள் வருமுன் மேசைக்கு மேசை ஒயர்களை மாட்டி வைக்க வேண்டும்.

அந்தக் கார், மகள் பிறந்த வருஷம் வாங்கியது. மகள் வளர்ந்து, படிக்க வெகுதூரம் போய்விட்டாள். கார் மட்டும் வாசலில் நின்றது. அதையும் இழந்துவிட்டால் வீட்டில் என்ன மிச்சம் என்ற பயம் காதுக்காரருக்கு உள்ளூர இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அதன் என்ஜினைக் கேட்டார். கார் ஓடும்போது மனைவி வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். திறந்தால், "ஒரு நிமிஷம், அந்தக் கடகட எங்கேர்ந்து வருதுன்னு பாரு" என்பார். அந்த ஒரு நிமிஷம் பள்ளிக்கூட வாசல்வரை நீளும்.

குளிர் ஆரம்பித்ததும் முதலில் மக்கர் செய்தது பேட்டரி. அது நியாயமான சாவுதான், வயதாகிவிட்டது. அன்றைக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். பஸ்ஸில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அந்த என்ஜினுக்கு அவர் பொறுப்பில்லை. வேறு வழியில்லாமல் மனைவி பேசுவதைக் கேட்டார். மகள் போனதிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்துச் சாமான் அறைக்குள் போய் அழுதுவிட்டு வருவதாக அவள் சொன்னாள். ஏதோ கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். காதுக்காரருக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குக் கேட்கவில்லையே என்று வெட்கப்பட்டார். மறுநாளே புது பேட்டரி வாங்கிவிட்டார்.

வினை அங்கேதான் தொடங்கியது. புது பேட்டரி போட்டபிறகு, குளிர் கடுமையான காலைகளிலெல்லாம் கார் கிளம்ப மறுத்தது. சாயங்காலம் வந்து திருப்பினால் முதல் திருப்பிலேயே உறுமியது. மெக்கானிக் வந்து பார்க்கும்போதெல்லாம் பரம சாதுவாக ஓடியது.

"பேட்டரி ஒயர் முனை லூசா இருந்தா இப்படிப் பண்ணும் சார், அதை முதல்ல பாருங்க" என்றார் மெக்கானிக். காதுக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தார். மனைவி அவருக்கு முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். ஒயர் முனை அசைக்க முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தது. இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்று கருவிப் பெட்டியைத் திறந்தால், அதற்கான பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். மெக்கானிக்தான் கைமறதியாகக் கொண்டுபோயிருப்பார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள். பனி பெய்த காலையில் பழைய "டிக்" போய்ப் புது "டிக்" வந்தது.

என்ஜினுக்குக் குளிருகிறது என்ற முடிவுக்கு வந்து, ஒரு பழைய கம்பளியை அதன்மேல் போர்த்தி பானெட்டை மூடினார். காலையில் வழக்கம்போல "டிக்". பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கம்பளியை மறந்துவிட்டார். சாயங்காலம் கிளப்பிப் பார்த்தபோது கார் கிளம்பியது, கம்பளி புகைந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, காரா கம்பளியா என்று விசாரிக்காமல், ஒரு வாளித் தண்ணீரை உள்ளே கொட்டிவிட்டுப் பெருமையோடு நின்றார். அதுவரை காலையில் மட்டும் கிளம்பாத கார், இரண்டு நாளைக்குச் சாயங்காலமும் கிளம்பவில்லை.

மெக்கானிக் எல்லாவற்றையும் காயவைத்துத் துடைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என் கைக்கு வந்தா வண்டி நல்லாத்தான் இருக்கு சார். உங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு."

காதுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேட்டரியைக் கழற்றிப் படுக்கையறையில் வைத்தால் கதகதப்பாக இருக்கும் என்று யோசித்தார். எதற்கும் கோபப்படாத மனைவி அதற்கு மட்டும் குரலை உயர்த்தினாள்.

"அது உள்ள வந்தா நான் வெளிய போய்ப் படுத்துக்கறேன்."

பாவம், அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள் என்று அவருக்கு இரக்கம் வந்தது. தினமும் விடிந்ததும் முதலில் கீழே இறங்கி, காரின் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து வைப்பவள் அவள்தான். அவளுக்காகவாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பழைய கார் வாங்கும் வியாபாரியைச் சனிக்கிழமை வரச் சொன்னார்.

மறுநாளும் கார் கிளம்பவில்லை. பஸ்ஸில் ஏறியதும் பெண் நடத்துநர், "வாங்க, வாங்க. இன்னைக்கும் மக்கரா?" என்று சிரித்து, வழக்கமான சீட்டைக் காட்டினார்.

காதுக்காரர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "பழசைக் குடுத்துடறேன். புதுசு வாங்கிடலாம். எந்தக் குளிர்லயும் பட்டுனு கிளம்பும்."

அவள் முகம் மாறிவிட்டது. "புதுசெல்லாம் வேண்டாங்க. பழசே இருக்கட்டும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"கிளம்பாத காரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவள், மகள் ஃபோன் பண்ணினாள் என்று வேறு பேச்சை எடுத்தாள். விடுமுறைக்கு வரப்போவதில்லையாம். அங்கேயே ஒரு வேலை பார்த்திருக்கிறாளாம். மடியிலிருந்த பையை அவசரமாகக் கிளறிக் கைக்குட்டையை எடுத்தாள். காதுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. "அப்புறம்? அவ என்ன சொன்னா?" என்றார். அதற்குள் பள்ளிக்கூட நிறுத்தம் வந்துவிட்டது.

"நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி அவள் ஓடினாள். அன்று மத்தியானமே மெக்கானிக் வந்து, சனிக்கிழமை வியாபாரி பார்க்கப்போகிறாரே என்று வண்டியைத் துடைத்து, முனைகளையெல்லாம் இறுக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான பனி. கண்ணாடியைத் துடைக்கப் போன மனைவி, போன சுருக்கில் திரும்பி வந்து, கைப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்து எதையோ தேடினாள். இவர் காத்திருக்கவில்லை. எப்படியும் கிளம்பாது, கடைசியாக ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம் என்று போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

கார் கிளம்பிவிட்டது. "டிக்" இல்லை, இருமல் இல்லை, வாங்கிய புதிதில் கேட்ட அதே சத்தம். காதுக்காரருக்குக் கண் கலங்கியது. வியாபாரிக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டு வரவேண்டாம் என்றார். வெறுங்கையோடு வந்து ஏறிய மனைவியிடம், "பாத்தியா? எல்லாத்தையும் மாத்துனது வீண்போகல. இனிமே பஸ்ஸே வேண்டாம் உனக்கு" என்றார்.

"சரி" என்றாள் அவள்.

தெரு தாண்டியதும், "நேத்து பாதியில விட்டேனே, நம்ம பொண்ணு…" என்று ஆரம்பித்தாள்.

"உஷ். ஒரு நிமிஷம். என்ஜின் எவ்வளவு சுத்தமா ஓடுதுன்னு கேளேன்."

அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். காதுக்காரர் தலையைச் சாய்த்து, பெருமை பொங்கக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மனைவியின் பக்கம் அவர்களுடைய வழக்கமான பஸ் வந்து உரசுகிறாற்போல நின்றது. பெண் நடத்துநர் காரைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை செய்தார். தோள்பையைத் துழாவி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரை மனைவியின் மடியில் போட்டார்.

"அக்கா, நேத்து இதைச் சீட்டுலயே விட்டுட்டு இறங்கிட்டீங்க. அதானே பாத்தேன், இந்தக் குளிர்ல சார் வண்டி எப்படிக் கிளம்புச்சுன்னு."