கொல்லைமேட்டில் காய்ந்த கொள்ளு

ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் டிக்கெட் பரிசோதகர். இன்னொருவர் எங்கள் கொள்ளுக்காரர். பரிசோதகருக்காவது எப்போதாவது டிமிக்கி கொடுக்கலாம். கொள்ளுக்காரரிடம் அதெல்லாம் நடக்காது.

நான் ஆரணியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் செய்யாறு ஆபீசுக்குப் போகிறவன். வழியில் ரோட்டோரம் கொல்லைமேடு என்று பதினொரு வீடுகள். எல்லாரும் விவசாயிகள். அது எங்கள் எல்லையில் இல்லை என்று இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்துகளும் கையை விரித்துவிட்டன. ஊர்ப் பலகை கிடையாது, பஸ்ஸும் நிற்காது. பஸ் ஏற இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேருக்குச் செய்யாறு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அடிக்கடி லேட்டாகப் போனதில் ஒருத்திக்கு வேலை போய்விட்டது. அவள் கொள்ளுக்காரரின் மகள்.

அந்தத் தை மாதம், எல்லாரையும் போல அவரும் அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பினார். வண்டிகள் ஏறி இறங்கினால் காய் வெடித்துக் கொள்ளு உதிர்ந்துவிடும். மற்றவர்கள் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புவார்கள். இவர் பரப்பியது இடுப்பு உயரம். செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளுமே என்று டிரைவர் பிரேக் போட்டார்.

"இதோ வாரிகினே கீறேன் பா!" என்று நடுரோட்டில் நின்று ஒவ்வொரு செடியாக வாரினார் இவர். அதற்குள் மற்ற மூன்று பெண்களும் ஏறிவிட்டார்கள்.

மறுநாளும் இதே கதை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று, கொள்ளு மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது. மழை வந்தபோது நடுரோட்டிலேயே தார்ப்பாய் போட்டு மூடினார் மனுஷன். ஆனி மாதம் டிரைவர் பொறுக்க மாட்டாமல் இறங்கிக் காலால் கிளறிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, வெறும் சக்கையா கீது! ஒரு கொள்ளு கூட இல்லியே?"

"அதான் பா, நானும் தேடிகினு கீறேன்."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆபீசில் என் பெயருக்கு நேரே தினமும் சிவப்பு மை. ஜன்னல் வழியாகச் சண்டைக்கே போனேன்.

"உங்களால நான் தினம் லேட்டு. யாருங்க ஜவாப்பு?"

"கோச்சிக்காதீங்க சார். பஸ் நிக்கும்னு ஒரு போர்டு வெக்கச் சொல்லுங்க. இத்த அன்னிக்கே எருக்குழில கொட்டிடறேன்."

அன்றைக்கே ஆத்திரத்தோடு டிப்போவுக்குப் புகார் எழுதினேன். 'கொல்லைமேடு என்னும் ஊரில் பேருந்து தினமும் நின்று ஆட்களை ஏற்றிச் செல்கிறது. ஆவன செய்யவும்.'

ஆவன செய்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கொல்லைமேட்டில் பேருந்து நின்று செல்வது விசாரணையில் உறுதியானதால், அவ்விடம் நிறுத்தமாக ஏற்கப்படுகிறதாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ரோடு சுத்தமாக இருந்தது. புதுப் பலகைக்குக் கீழே நாலு பெண்கள். மகளைக் கம்பெனியில் மறுபடி எடுத்துக்கொண்டார்களாம். அவர்களுக்குப் பின்னால் சலவைச் சட்டையோடு கொள்ளுக்காரரும் ஏறி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், எழுதினது நீங்களாமே?"

"அது புகாருங்க. பஸ் இங்க நிக்கக் கூடாதுன்னு."

"தெரியும் சார், கண்டக்டர் படிச்சிக் காட்டினாரு. எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்களும் மனு போட்டுகினுதான் கீறோம். அப்படி ஒரு ஊரே இல்லன்னுதான் பதில் வரும். அங்க ஒரு ஊரு கீதுன்னு எழுதின மொதல் ஆளு நீங்கதான்."

"செய்யாறுல என்ன வேலைங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"ஒரு வேலையும் இல்ல சார். திரும்பி வரப்போ கொல்லைமேடுன்னு ஒரு டிக்கெட் வாங்கணும். கொல்லைமேட்டுல எறங்கணும். அவ்ளோதான்."

செய்யாறு வந்ததும் எனக்கு ஆபீசுக்குப் போகவே மனமில்லை. அவரோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய், கூடவே இறங்கலாம் போலிருந்தது.