பள்ளிபாளையத்து மோர்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனை நம்பாதீர்கள். வாலிபத்தில் நானே அப்படித் திரிந்தவன்தான்.

அப்போது திருச்செங்கோட்டில் தேரடிப் பக்கம் ஒரு காப்பி கிளப் இருந்தது. எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்குக் காப்பி என்றால் கள்ளைவிட மோசம். கள் குடித்தவன் காலையில் தெளிந்துவிடுவான், காப்பி குடிக்கிறவன் காட்டை விற்காமல் அடங்கமாட்டான் என்பது எங்கள் அப்பாவின் கட்சி. அதனால் கிளப்பில் எல்லோரும் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். கோர்ட்டு குமாஸ்தா ஒரே மடக்கில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். நூல் வியாபாரி ஒருவர் ஊதி ஊதியே அரை நாளை ஓட்டுவார். நான் சந்தைக்குப் பருத்திக்கொட்டை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்து, யார் என்ன தொழில் என்று கணித்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிபாளையத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். பாவாயியை மாரியம்மன் நோம்பியில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: மாப்பிள்ளைக்குக் காப்பி கிளப் பழக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் பேச்சே கிடையாது. சரி, விட்டுத் தொலைப்போம், கடைசியாக ஒன்று குடித்துவிட்டு விடுவோம் என்று கிளம்பினேன். (புத்தி போன போக்கைப் பாருங்கள்!)

அன்றைக்கு என் எதிரில் தலையில் உருமால் கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர், எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் உண்டா, இருமல் சளி ஏதும் உண்டா என்று விசாரித்துக்கொண்டே என்னைக் கால் முதல் தலைவரை பார்த்தார். நான் உடனே கணித்துவிட்டேன்: மாட்டுத் தரகர். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற வழக்கம் மனுஷனிடமும் வந்துவிட்டது, பாவம்! அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தை தவறாமல் இங்கே வருவது, அப்பா கண்ணில் மண்ணைத் தூவுவது, பெண் வீட்டு நிபந்தனை, வரப்போகிற மாமனார் கூழைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு கூழ்ப்பானை என்பதுவரை ஒன்றையும் விடவில்லை. மனுஷர் சிரிக்காமல் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் நடுநாயகமாக அதே உருமால்!

பாவாயியின் தாய்மாமனாம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தது அவராம். எங்களில் தாய்மாமன் தலையசைத்தால்தான் கல்யாணம். பாவாயி போனாள், அப்பா கையால் செருப்படியும் நிச்சயம் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"பையனைப் பத்தி நல்லா விசாரிச்சீங்களாங்க?" என்றார் அப்பா.

மாமன் என்னை நிதானமாகப் பார்த்தார். "ஊரு பூரா விசாரிச்சுட்டனுங்க. காப்பி வாசமே தெரியாத பையனுங்க" என்றார்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் மூளை வேலை செய்தது. என்னைக் காட்டிக் கொடுத்தால், தான் எங்கே உட்கார்ந்து விசாரித்தார் என்று அவரும் சொல்ல வேண்டியிருக்குமே!

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தண்டனை பிறகுதான் ஆரம்பித்தது. பத்து வருஷத்தில் பள்ளிபாளையத்து வீட்டிலேயே காப்பி புகுந்துவிட்டது. கூழ்ப்பானை மாமனாரும் இரண்டு வேளை குடித்தார். எனக்கு மட்டும் மோர். "மாப்பிள்ளைக்கு அந்த வாசமே ஆகாதுங்க" என்று அந்தத் தாய்மாமனே பெரிய சொம்பாக நீட்டுவார். இன்றுவரை அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு நான் 'மோர்த் தாத்தா'தான்.

போன தையில் பேத்தி கல்யாணத்தில், விவரம் தெரியாத யாரோ ஒருவர் என் கையில் சுடச்சுடக் காப்பியைக் கொடுத்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாவாயி வந்து பிடுங்கிக்கொண்டாள். "அவருக்கு ஆகாதுங்க" என்று சொல்லி, என் எதிரிலேயே நின்று குடித்தாள். குடித்து முடித்து என் காதருகில் குனிந்தாள்.

"மாமன் எனக்கு அன்னைக்கே சொல்லிப்போட்டாருங்க" என்றாள். "எங்கய்யன் கூழ்ப்பானையா?"