ஐந்து பூதங்களும் ஒரு மருந்துப் போத்தலும்

“அந்த மெழுகுதிரியை எடு, மார்த்தா! நான் இன்னும் சாகேல்லை!”

கழுத்துவரை ஈரமண்ணில் புதைந்து கிடந்த எமிலியானுஸ் மாஸ்ரர் தம் வீட்டு முற்றம் அதிர முழங்கினார். அவருடைய தலைமாட்டில் திரியைக் கொளுத்தி நட்டுவிட்டு முழந்தாளில் நின்ற பக்கத்து வீட்டு மார்த்தா அசையவேயில்லை.

“சாகிறதுக்கு ஆர் மாஸ்ரர் கொளுத்தினது? என்ர பிள்ளைக்குக் காய்ச்சல். உங்கட நேர்த்திக்கடனில அவளையும் ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ.”

“இது நேர்த்தி இல்லை! இயற்கை வைத்தியம்!”

“ஓம், ஓம். நல்ல மனுசர் தங்கட நேர்த்தியை வெளியில சொல்லமாட்டினம்.”

அறுபதுகளின் தொடக்கம் அது. மன்னார்க் கரையில், அரசாங்க மருந்துச்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே வெறும் போத்தலைக் கழுவி எடுத்துப்போன காலம். போத்தலின் முதுகில் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டித் தருவார்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. அந்தப் பட்டையில் விரலை வைத்து, ‘இன்னும் மூன்று வேளை’ என்று எண்ணிப் பார்த்த சுகம், இன்றைய மாத்திரை அட்டையில் எங்கே இருக்கிறது!

மாஸ்ரர் நெஞ்செரிவுக்கு ஏழாண்டுகளாகச் சிவப்பு மருந்து குடித்தவர். மருந்துச்சாலை வைத்தியரான அப்போதிக்கரி அமிர்தநாயகம் அந்தப் போத்தலை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்.

“நீங்கள்தான் வரவேணும். காலமை வெயிலில நடந்து வரவேணும். பொரியலையும் உறைப்பையும் விடவேணும்.”

போக இரண்டு கட்டை, வர இரண்டு கட்டை, ஆக நான்கு மைல். மாஸ்ரர் நடந்தார், குடித்தார், மனைவி மதலேனா பொரிக்கும் பாரைக் கருவாட்டை மட்டும் விடவில்லை. நெஞ்செரிவும் அவரை விடவில்லை.

அப்போதுதான் தலைமன்னார்க் கப்பலில் வந்திறங்கிய எவரோ விட்டுச்சென்ற ஒரு சிறு பிரசுரம் கடைக்கார ஹலீமின் கைவழியே அவரிடம் வந்தது. உடலே தன்னைத் தேற்றிக்கொள்ளும்; வைத்தியன் அதற்கு வழிவிட்டு நின்றால் போதும். உள்ளே தேங்கிய கழிவே நோய். மண், நீர், வெயில், காற்று, ஆகாயம் ஆகிய ஐந்தும் அதை அகற்றும். ஆகாயம் என்பது வெறுவயிறு. மாஸ்ரர் ஒரே மூச்சில் படித்தார். மறு மூச்சில் வாசிகசாலை மேடையில் நின்றார். சீதனத்தைச் சாடிய நா, கள்ளைச் சாடிய நா, இப்போது மருந்தைச் சாடியது.

“ஏழாண்டுகள் என் உடலில் நஞ்சை ஊற்றினார்கள்! ஒன்பது நாட்களில் இயற்கையைக் கொண்டு இந்த எரிவை அணைத்துக் காட்டுவேன். அணையாவிட்டால், இனி என் கால் இந்த மேடையை மிதிக்காது!”

மேடை ஒன்றே வாழ்வாகக் கொண்டவருக்கு அது உயிரைப் பணயம் வைத்தது போன்றது. ஆனால் நாட்காட்டியைப் பார்க்க மறந்துவிட்டார். அது தபசுகாலம், கத்தோலிக்க ஊர் முழுதும் இறைச்சியை விட்டு ஒறுத்தல் செய்யும் காலம். அந்தக் காலத்தில் ஒருவர் உண்ணாமல், வெறுங்காலோடு, வெயிலில் நின்று, மண்ணில் கிடந்தால், அதுவும் நவநாள் செபம்போல ஒன்பது நாள் கிடந்தால், ஊர் அதற்கு வேறென்ன பெயர் சூட்டும்?

மூன்றாம் நாள் முற்றம் நிறைந்துவிட்டது. இது சமயமன்று, விஞ்ஞானம் என்று சாட்சி சொல்ல மாஸ்ரர் ஹலீமை அழைத்தார். ஹலீம் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வந்தார். மாஸ்ரர் தண்ணீர் குடிப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

“என்ன மாஸ்ரர், நோன்பெண்டா பகல்ல தண்ணி குடிக்கேலாதே! இண்டையான் நோன்பு முறிஞ்சு போச்சு.”

“ஹலீம், இது நோன்பே இல்லை!”

“அதுதான் நானும் சொல்லுறன். முறிஞ்சு போச்சு.”

“பாத்தியளே,” என்று கூட்டத்தில் ஒரு குரல் உருகியது. “ஹலீம் முதலாளியே பழத்தோட வந்திட்டார்!”

மறுநாள் முள்ளிக்குளத்திலிருந்து இரண்டு மாட்டுவண்டி நிறையச் சனம் வந்து இறங்கியது.

ஐந்தாம் நாள் மாஸ்ரர் வாசற்படலையில் ஓர் அறிவித்தல் தொங்கவிட்டார். ‘இங்கே நேர்த்தி இல்லை. மண், நீர், வெயில், காற்று, வெறுவயிறு: இவ்வைந்தே மருந்து.’ கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சந்தியோகு அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். விரல் மடித்து எண்ணினார்.

“ஐஞ்சு! சிலுவையில ஆண்டவருக்கு எத்தினை காயம்?”

“ஐஞ்சு!” என்றது கூட்டம், என்றபடியே முழந்தாளிட்டது. அன்று முதல் தலைமாட்டில் ஐந்து திரிகள்.

மண்தானே இவர்களை மயக்குகிறது என்று ஏழாம் நாள் மாஸ்ரர் கடலுக்குப் போய்க் கழுத்தளவு நீரில் நின்றார். அன்றைக்கென்று பார்த்துச் சந்தியோகுவின் வலை கிழியக் கிழியச் சூடை மீன் பட்டது. மாஸ்ரரை நான்கு பேர் தோளில் தூக்கியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மதலேனா, அடுப்படியிலிருந்து. “வாற சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தி ஊத்தி, இப்ப எனக்கெல்லோ நெஞ்செரியுது!”

ஆயினும் ஒன்பதாம் நாட்காலை அந்த அதிசயம் நிகழ்ந்தது. மாஸ்ரர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். எரிவு இல்லை. இருமிப் பார்த்தார், இல்லை. இருபது வயதில் முதன்முதலாக மேடை ஏறிய அந்த மாலையின் இலேசு நெஞ்சுக்குள் திரும்பி வந்திருந்தது. யாரும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடை பிழைத்தது!

அன்று மாலை வாசிகசாலை முற்றத்தில் பெற்றோல்மாக்ஸ் விளக்கு சீறியது. அத்தனை சனத்தை அந்த மேடை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. முன்வரிசைக் கதிரையில் அப்போதிக்கரி அமிர்தநாயகம் கைகட்டி அமைதியாக இருந்தார். மாஸ்ரர் தம் பழைய சிவப்புப் போத்தலை உயர்த்திப் பிடித்தார்.

“சகோதரரே! சகோதரிகளே! நான் செய்தது நேர்த்தியன்று. மண்ணும் நீரும் வெயிலும் காற்றும் வெறுவயிறும் என்னை மீட்டன. எதனிடமிருந்து மீட்டன? இதோ, இதனிடமிருந்து! பாருங்கள்: நிறம் உண்டு, மணம் இல்லை! நிறம் உண்டு, சுவை இல்லை! கொடிய நஞ்சுக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்? இது நஞ்சல்ல என்று சொல்லக்கூடியவர் இந்தச் சபையில் இருந்தால், எழுந்து சொல்லட்டும்!”

அப்போதிக்கரி எழவில்லை. பின்வரிசையில், மருந்துச்சாலையில் போத்தல் நிரப்பும் கொன்ஸ்ரன்ரைன், கையில் எரியும் மெழுகுதிரியோடு எழுந்தான்.

“இரு கொன்ஸ்ரன்ரைன், இரு!” என்று அப்போதிக்கரி திரும்பிப் பதறினார்.

“இல்லை ஐயா, புண்ணியவாளனுக்கு முன்னால பொய்யோட நிக்கேலாது,” என்ற அவன் மேடையைப் பார்த்துக் கும்பிட்டான். “கோவியாதேங்கோ மாஸ்ரர், ஏழு வருசமாய் உங்கட போத்தலுக்குள்ள நான் ஊத்தினது எங்கட கிணத்துத் தண்ணியும் பலகாரத்துக்குப் போடுற சிவப்புச் சாயமும்தான், ‘அந்தாளுக்குத் தண்ணியும் நடையும் வெயிலும் போதும்’ எண்டு இந்த வைத்தியத்தை உங்களுக்கு முதல் போத்தலிலேயே தொடங்கினது எங்கட அப்போதிக்கரி ஐயா!”