மாமா பெயரை விழுங்கிய நிரல்

கல்யாண வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவனை மைக் பக்கம் விடவே கூடாது. என்னை விட்டார்கள்.

தென்காசியில் என் அக்கா கல்யாணம். நலங்கு வைக்கச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக மைக்கில் கூப்பிட வேண்டும். நான் அப்போதுதான் பைத்தான் என்ற நிரல்மொழி படிக்க ஆரம்பித்திருந்தேன் (அதாவது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை). கோப்பில் பெயர்களை அடித்துக் கொடுத்தால் லேப்டாப்பே வாசித்துவிடும் என்றேன். அம்மா அடித்தாள். சண்டை வரக் கூடாதென்று அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர் என மாற்றி மாற்றி, வரிக்கு ஒரு பெயர்.

சில பெயர்களுக்குக் கீழே ‘குடும்பத்துடன்’ என்று ஒரு வரி வரலாமே என யோசித்து, ஒரு பெயரை எடுத்ததும் அடுத்த வரியை எட்டிப் பார்க்கும்படி நிரல் எழுதியிருந்தேன். பைத்தானில் எட்டிப் பார்த்த வரி கையோடு வந்துவிடும்; தானாகத் திரும்ப உள்ளே போகாது. நாம்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்தேன், ‘குடும்பத்துடன்’ இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டேன். அம்மா யாருக்குமே ‘குடும்பத்துடன்’ போடவில்லை; எட்டிப் பார்த்து விட்டதெல்லாம் பெயர்கள்தான்.

பெரியப்பா பெயர் கணீரென்று ஒலித்தது. அடுத்து தாய்மாமன் பெயர் வர வேண்டும். அத்தை பெயர் வந்தது. பிறகு சித்தப்பா. அம்மா வழியில் ஒரு ஆள்கூட இல்லை. முன் வரிசையிலிருந்த மாமா எழுந்து, துண்டை உதறி, வெளியே போய்விட்டார்.

“ஏலே, எங்க அண்ணன் இல்லாம உங்க அக்காவுக்கு யாருல மாலை எடுத்துக் குடுப்பா? கூட்டிட்டு வராம மண்டபத்துல கால் வைக்காத!” என்றாள் அம்மா.

கோபம் வந்தால் மாமா குற்றாலத்தில்தான் இருப்பார் (தலை குளிரும்வரை அருவிக்கு அடியில்). பைக்கில் பறந்து, பட்டு வேட்டியோடு தண்ணீருக்குள் புகுந்தேன். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“மாமா! அடுத்த வரியப் பாத்தா அது போயிரும் மாமா!” என்று அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“என்னலே சொல்லுத?”

“உங்க பேரைப் பாத்தேன்! அதான் போயிட்டு!”

“பாத்தா போயிருமா? நானும் உன்னையப் பாத்துட்டேதான் நிக்கேன். நீ போக மாட்டேங்கியே!”

அழுதேவிட்டேன். அருவியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட மேடையேறி மாலை எடுத்துக் கொடுத்தார். கல்யாண ஆல்பத்தில் அக்காவும் பாதி நனைந்திருக்கிறாள்.

இப்போது எனக்கு நிரல் எழுதுவதுதான் தொழில். எட்டிப் பார்த்த வரி எதையும் நான் தொலைப்பதில்லை. என்ன பிரயோசனம்? இன்றைக்கும் பந்தியில் வடைத் தட்டோடு நான் வந்தால், மாமா இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்கிறார்.

“ஏலே, எனக்கு வைக்கணும்னா வையி. எட்டி மட்டும் பாத்துராத!”