நாலு விளக்கிலும் குங்குமம்

சிலருக்குக் கோபம் வந்தால் பத்து நிமிடத்தில் போய்விடும். எனக்கு வந்து நாலு வருடமாகிறது. கிளம்புகிற எண்ணமே அதற்கு இல்லை. முதல் கோபம் என் தாய்மாமா மீது. அடுத்தது எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற தொர மீது. அதற்கும் அடுத்தது அட்டன் மலைகளில் கேட்காமல் கொள்ளாமல் இறங்குகிற மேகத்தின் மீது. பட்டியலின் கடைசியில் என் பெயரும் இருக்கிறது. (கடைசி என்றாலும், அதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.)

அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். பதினாறு லீட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்து மறு கையால் தெளித்தபடி மலை ஏறுவார். வார் அறுத்து அறுத்து இரண்டு தோளிலும் தோல் கறுத்துத் தடித்துப் போய்விட்டது. அதனால்தான், தேயிலைக்கு மருந்தடிக்க ட்ரோன் வரப்போகிறது, தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பார்கள் என்றதும் முதல் ஆளாக ஓடினேன். வெள்ளோட்டம் நன்றாக நடந்தால் மிசின் தோட்டத்திலேயே இருக்கும், எனக்கு வேலை நிரந்தரம், அப்பாவுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து மருந்து கலக்கும் வேலை. சொதப்பினால் மிசின் வந்த லொறியிலேயே திரும்பிப் போகும். தொர இவ்வளவுதான் சொன்னார்.

பயிற்சி கொழும்புப் பக்கத்தில், மூன்று நாள், உள்ளங்கை போலத் தட்டையாகக் கிடந்த ஒரு மைதானத்தில். இடது கைக் குச்சி மிசினின் மூக்கைத் திருப்பும். வலது கைக் குச்சி மிசினை நகர்த்தும். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் மட்டும் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். தலை சுற்றினால் விளக்கைப் பார்: மூக்குப் பக்கம் சிவப்பு, வால் பக்கம் பச்சை. அதுவும் உதவவில்லையா, ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால், பதிந்து வைத்த இடத்துக்கு அதுவே திரும்பி வந்துவிடும். இத்தனையும் படித்துவிட்டு ஊர் வந்தவள் முதல் வேலையாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். பனி மூடினால் பக்கத்து லயத்தின் வீட்டு வரிசையே தெரியாத ஊரில் கறுப்புக் கண்ணாடி. 'பைலட்' என்று கூப்பிட்டால்தான் திரும்பினேன். யாராவது அப்போதே ஓர் அறை விட்டிருக்கலாம்.

வெள்ளோட்ட நாள் காலையில், மிசினை ஏற்றிவந்த லொறியை எங்கள் லயத்துக் கோயில் முன்னால் மாமா மறித்தார்.

"புது மிசின பூச போடாம எடுக்கக் கூடாது புள்ள."

"மாமா, ஒம்போது மணிக்குத் தொர வந்துருவாருங்க."

"அஞ்சு நிமிசம்."

மிசினைக் கீழே இறக்கவைத்து, வாகனத்துக்கு வைப்பது போல அதன் நாலு விளக்கிலும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்தார். வண்டிச் சக்கரத்தில் நசுக்குகிற எலுமிச்சங்காயை வைத்தபிறகுதான் சிக்கல் வந்தது.

"நசுக்கணுமே. இதுக்குச் சில்லு இல்லியே?"

"மேல எழுப்பி அதும் மேலயே எறக்குறேன் மாமா," என்றேன். அந்த இடத்தையே பதிந்து, எழுப்பி, இறக்கினேன். காய் நசுங்கியது. லயமே கை தட்டியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

ஏழாம் நம்பர் மலையில் கூடாரம் போட்டு, தேத்தண்ணியும் கேக்கும் வைத்திருந்தார்கள். தொர, கொழும்பிலிருந்து வந்த இரண்டு பெரிய ஆட்கள், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. பாதை நெடுகக் கொழுந்தெடுக்கும் பெண்கள். அப்பா மட்டும் தனியாக நின்றார். டேங்க் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு வரிசை அருமையாகப் போனது. மூன்றாவதில் மேகம் இறங்கியது, கூடவே காற்று. மிசினின் மூக்கு எங்கேயோ திரும்பிக்கொண்டது. விளக்கைப் பார்த்தேன். பனியில் நனைந்த குங்குமம் வழிந்து நாலு விளக்கும் சிவப்பு. நாலு பக்கமும் மூக்கு. இடப்பக்கம் தள்ளினேன், வலப்பக்கம் போனது. மூக்கைத் திருப்பினேன், அதிகமாகத் திரும்பியது. எதிர்ப்பக்கம் இழுத்தேன், பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தது. எனக்கும் சேர்த்துச் சுற்றியது.

"இந்தப் பக்கம் புள்ள."

"அய்யோ, அந்தப் பக்கம்."

"வாய மூடுங்க எல்லாரும்," என்று கத்தினேன். அந்த எல்லாரிலும் தொர இருந்தார். அடுத்த நொடி மிசின் தெளித்துக்கொண்டே கூடாரத்துக்கு வந்தது. தேத்தண்ணி, கேக், தொரயின் வெள்ளைச் சட்டை எல்லாவற்றுக்கும் சமமாக உரத்தண்ணி அடித்தது. (நஞ்சில்லை, இலைக்கு அடிக்கும் உரம்தான். தொர அதற்குப் பிறகு கொஞ்சம் வளர்ந்ததாகக்கூட எனக்கு ஒரு சந்தேகம்.)

பொத்தான் நினைவுக்கு வந்தது. அமுக்கினேன். மிசின் சட்டென்று அடங்கி, மேலே எழும்பி, என்னைத் தாண்டிக் கீழே பள்ளத்தை நோக்கிப் போனது.

"எங்க போவுது அது?" என்றார் தொர, முகத்தைத் துடைத்தபடி.

அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"பாப்பா, அது நம்ம லயத்துக்குல்ல போவுது."

மலைக்கு வந்ததும் புது இடத்தைப் பதிந்திருக்க வேண்டும். நான் பதியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மிசின் கோயில் முன்னால், நசுங்கிய எலுமிச்சங்காயின் மேல், ஒரு விரல்கூடப் பிசகாமல் போய் இறங்கியிருந்தது. அன்றைக்கு நடந்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான். மாமா கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, சாமி பத்தரமா கூட்டியாந்துருச்சு," என்றார். அவரை அன்றைக்கு நான் அடிக்காமல் விட்டதற்கு என் அம்மாதான் காரணம், நடுவில் நின்றுகொண்டார். பின்னேரம் அதே லொறியில் மிசின் போனது, குங்குமத்தோடு.

இப்போது நான் ராகலைப் பக்கம் மற்றவர்களின் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் ட்ரோனில் மருந்தடிக்கிறேன். எழுப்புவதற்கு முன் நாலு விளக்கையும் துடைக்கிறேன், இடத்தை இரண்டு தடவை பதிகிறேன். அப்பா ஒரு நாள் முழுக்க ஏறி இறங்குகிற அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முடிக்கிறேன். அப்பா இன்னும் அதே டேங்கைத்தான் சுமக்கிறார். எங்கள் தோட்டத்துக்கு வேறு மிசின் வரவே இல்லை.

சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம், வேலை விட்டு வரும் அப்பா வாசலில் நின்று, "பட்டன அமுக்குனேன், வந்துட்டேன்," என்பார். வீடே சிரிக்கும். மாமாவின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தைலத்தை எடுத்து வந்து அப்பாவின் தோளில், வார் அறுத்த இடத்தில் தேய்ப்பேன். கோபத்தில் கை கொஞ்சம் அழுந்திவிடும்.

"மெதுவா, பைலட்டு," என்பார் அப்பா.