வழித்துணை என்று என்னைச் சொல்லாதே

சங்கச் செயலாளரும் என் மனைவியின் தம்பியுமான மச்சானுக்கு,

இங்கு நானும் உன் அக்காவும் நலம். வேலைநிறுத்தத்தில் இருக்கும் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும், ஆனால் அதை நான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம்.

நேற்று உங்கள் ஊர்வலம் போன தெருவில் நானும் நடந்தேன் என்பது உண்மை. என் வீட்டுக்கு வேறு வழியே இல்லை, அதற்கு நான் என்ன செய்வது? பாதி வழியில் இஸ்திரிப் பிரிவுப் பெண் ஒருத்திக்குச் செருப்பு வார் அறுந்தது. "சோப்பு அண்ணே, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று பதாகையின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நானும் பிடித்தேன், அவள் செருப்பைத் தைத்துக்கொண்டு வருவதற்குள் நம் சலவை நிலைய மேலாளர் காரில் எதிரே வந்து என்னையும் பதாகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். இன்று காலை கூப்பிட்டு, "நீங்க அவங்களுக்கு அனுதாபியா?" என்றார். "இல்ல சார், வெறும் வழித்துணை" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானய்யா" என்றார்.

எப்படி ஒன்றாகும்? வழித்துணை என்றால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு, இடம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறவன். அனுதாபி என்றால் வாசலோடு நின்று "அடடா" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். நான் இரண்டும் இல்லை. ஆவி அறையில் காற்றாடி ஓடவில்லை, பெண்கள் மயங்கி விழுகிறார்கள், நீங்கள் கேட்பது நியாயம்தான். நியாயம் என்று நினைத்தாலே அனுதாபியா? அப்படிப் பார்த்தால் மேலாளரின் டிரைவரும் அனுதாபிதான், அவனே என்னிடம் சொன்னான். பிளாஸ்க் பிளாஸ்க்காக டீ போட்டு அனுப்புகிற உன் அக்காவை என்னவென்று சொல்வாய்? சோப்புக் கிடங்கிலேயே கிடந்தவனுக்கு இப்போதுதான் மேற்பார்வையாளர் பதவி கனிந்து வருகிறது. நீ கூட்டத்துக்குக் கூட்டம் "நம்ம வழித்துணை" என்று என்னைக் கைகாட்டிப் பேசி என் பிழைப்பில் மண்ணைப் போடாதே. நான் யாருக்கும் எதுவும் இல்லை என்று நாளை உரக்க அறிவித்துவிடு.

குழந்தைகளுக்கு ஆசிகள், உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
யார் பக்கமும் இல்லாத
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது மேலாளர் மறுபடி கூப்பிட்டார். பதவி எனக்குத்தானாம். முதல் வேலையாக, ஊர்வலத்தில் முன்னால் போன பெண்களின் பெயர்களை நான் சொல்ல வேண்டுமாம், அவர்களை வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம். "பேரெல்லாம் தெரியாது சார்" என்றேன். "இத்தன வருஷமா கூட வேல பாக்குறீங்க, ஒரு பேருகூடவா தெரியாது?" என்றார். "ஒண்ணு தெரியும்" என்று என் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளை ஊர்வலம் எத்தனை மணிக்கு? இந்த முறை வழியில் சேர்ந்துகொள்ள மாட்டேன், கிளம்புகிற இடத்துக்கே வந்துவிடுகிறேன்.