ரோட்டை மறித்ததும் பங்கு விழுந்ததும்

சான் ரோக்கே,
ஆகஸ்ட் 19

என் மகள் இமெல்டாவைக் கட்டிய புண்ணியவான், குவாதலஹாரா வங்கியில் கௌரவமாக உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை அன்செல்மோ அவர்களுக்கு, மாமனார் எலூத்தேரியோ எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உங்கள் மாமியாரின் இடது முழங்கால் நீங்கலாக. அங்கும் நலமே விளைய ரோக்கே புனிதரை வேண்டுகிறேன்.

முதலில் நன்றி. முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த என் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் நம்மூர் வெள்ளிச் சுரங்கக் கம்பெனியின் பங்கில் போடச் சொன்னது நான்தான். "வேண்டாம் மாமா, வெள்ளி ஒரு படி இறங்கினா இந்தப் பங்கு மூணு படி உருளும். வெள்ளி விலை இறங்குதேன்னு தோண்டற செலவு இறங்காது. கூலி, டீசல், கரண்டு எல்லாம் அப்படியே நிக்கும், அடி முழுக்க லாபத்து மேலதான் விழும். அதுலயும் இவங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு சுரங்கம், அது நின்னா மொத்தமும் அம்பேல்" என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். "முப்பது வருஷம் அங்க பாறை தூக்கற விஞ்ச் ஓட்டினவனுக்குப் பாடம் எடுக்காதீங்க" என்று துள்ளியதும் நான்தான். பிப்ரவரியில் வெள்ளி சரிந்தது, பங்கு குப்புற விழுந்தது. மே மாதம், இந்த வருடம் வெட்டும் பாறையில் வெள்ளி குறைவு என்று கம்பெனியே அறிக்கை விட்டது, மறுபடி விழுந்தது. அப்போதும் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? என் கூடப்பிறந்த தம்பியாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பான்.

மூன்றாவது தடவை விழுந்தது என் கைங்கரியம். நேரில் சொல்ல வாய் வராததால்தான் இந்தக் கடிதம். வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பொதுநிலச் சபைக்காரர்கள் நாங்கள், எங்கள் நிலத்து வழியே சுரங்கத்துக்குப் போகும் ரோட்டில் நாற்காலி போட்டு உட்காருவோம். பழைய மேலாளர் மதியத்துக்குள் வந்து, "என்னய்யா, வழக்கம்போலத்தானே?" என்று சிரித்துவிட்டு வாணவேடிக்கைக் கோபுரத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் பணம் கொடுப்பார், நாங்கள் அவருக்கு ஒரு தட்டு சோளமாவு தமாலே கொடுப்போம், லாரி போகும். இதில் கோபதாபமே கிடையாது. இந்த வருடம் வந்திருப்பவர் புதியவர், கனடாக்காரர். வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாற்காலிகளை எண்ணினார், படம் பிடித்தார், போயே போய்விட்டார். தமாலே ஆறிப்போச்சு. ஒரு மணி நேரத்தில், "மக்கள் முற்றுகை, உற்பத்தி காலவரையின்றி நிறுத்தம்" என்று கம்பெனி உலகத்துக்கே தண்டோரா போட்டுவிட்டது. அப்போதுதான் உங்கள் போன்.

"மாமா, விலை ஒரேயடியா மூணுல ஒண்ணு காலி! எவனோ வேலைவெட்டி இல்லாத பயலுக ரோட்ட மறிச்சுட்டானுங்களாம். யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்ச மூஞ்சியாத்தான் இருக்கு மாப்பிள."

"நீங்க அந்தப் பக்கம் போயிடாதீங்க மாமா."

"நான் எங்க போறேன், உக்காந்துதானே இருக்கேன்."

முதல் வரிசை, நடு நாற்காலி. சபையில் கையைத் தூக்கித் தீர்மானம் கொண்டுவந்த மகானுபாவனும் நானே. மன்னித்துவிடுங்கள். மறுநாளே பாதிரியாரைக் கூட்டிப்போய் மேலாளருக்குப் புரியவைத்தோம், எழுந்தோம், பணம் வந்தது, கோபுரம் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது, பங்கும் பாதி தூரம் ஏறிவிட்டதாக இமெல்டா சொன்னாள். அதற்குள் நீங்கள் உங்கள் காரை விற்று ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டிவிட்டதையும் அவள்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு அழுதேன் மாப்பிள்ளை. நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் இதைச் செஞ்சிருப்பானா, தெரியாது. இனி நம் குடும்பத்தில் ஒருத்தரும் அந்த ரோட்டில் உட்காரமாட்டார்கள், இது ரோக்கே புனிதர் மேல் சத்தியம். பங்கை நம்பி வைத்திருங்கள், விலை ஏறியதும் விற்று முதலில் ஒரு கார் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் என் மகளுக்கும் எந்தக் குறையும் வராமல் கடவுள் காக்கட்டும்.

சாகும்வரை நன்றி மறக்காத மாமனார்,
எலூத்தேரியோ

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை ஊர்ப் பெண்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரைக் கம்பெனி இறைத்து இறைத்து நாலு மாதமாக நம் கிணறுகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஆம்பளைங்க போய் வாணவேடிக்கை கேட்டுட்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்றார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பது உங்கள் மாமியார். பங்கு என்ன ஆகும், ஆபரேஷன் என்ன ஆகும் என்று காதோடு காதாக எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "முட்டி என்னோடது, நான் பொறுத்துக்கறேன். தண்ணி ஊரோடது. போய் ஒரு தலகாணி எடுத்துட்டு வாங்க" என்கிறாள். எடுத்துக்கொண்டு போகிறேன். தயவுசெய்து இன்று விலையைப் பார்க்காதீர்கள்.